5 மணி 50 நிமிடம் என்றால் 5.50 மணியா? சராசரி வேகக் கணக்கில் எங்கே சறுக்குகிறோம்?

சென்னை - கோவை வந்தே பாரத் ரயில் 2023 ஏப்ரலில் ஓடத் தொடங்கியபோது அறிவிக்கப்பட்ட பயண நேரம் 5 மணி 50 நிமிடம். தூரம் சுமார் 495 கி.மீ. அப்படியென்றால் ரயிலின் சராசரி வேகம் என்ன?

மொபைலை எடுத்து, கால்குலேட்டரில் 495-ஐ 5.50-ஆல் வகுத்துப் பாருங்கள். 90 என்று பிசிறே இல்லாமல் விடை வரும். இவ்வளவு சுத்தமாக வந்தால் யாருக்குச் சந்தேகம் வரும்? ஆனால், விடை தப்பு. ரயில் உண்மையிலேயே மணிக்கு 90 கி.மீ. சராசரியில் போனால் 5 மணி 30 நிமிடத்தில் கோவையில் இருக்கணும். 20 நிமிஷத்தைக் காணோம்!

இந்த 20 நிமிஷம் தொலைந்துபோகிற இடம்தான், வீட்டில் ஏழாவது, எட்டாவது படிக்கிற பிள்ளைகள் 'வேகம், தூரம், நேரம்' பாடத்தில் முதல் மார்க்கைத் தொலைக்கிற இடம். பேங்க் எக்ஸாம், டி.என்.பி.எஸ்.சி என்று படிக்கிற அண்ணன், அக்காக்களும் அதே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். ஃபார்முலா எல்லோருக்கும் தெரியும். தூரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம். ஃபார்முலாவுக்குள் எண்ணைப் போடுவதற்கு முந்தின நிமிஷத்தில்தான் சிக்கலே.

புள்ளிக்குப் பின்னால் நிமிடம் வராது

பணத்தில் 5 ரூபாய் 50 பைசா என்றால் 5.50. நீளத்தில் 5 மீட்டர் 50 சென்டிமீட்டர் என்றால் 5.50. ரெண்டுமே நூறு நூறாக எண்ணப்படுபவை. சின்ன வயசிலிருந்து இதைப் பார்த்தே பழகிவிட்டதால், நேரத்தையும் கை தானாக அப்படியே எழுதிவிடுகிறது. டிஜிட்டல் கடிகாரம்வேறு 5:50 என்று காட்டி ஆசையைக் கிளப்பும். ஆனால், ஒரு மணி நேரத்துக்கு 60 நிமிடம்தான். பாபிலோனியர்கள் காலத்திலிருந்து வருகிற அறுபதடிமானக் கணக்கு அது. நாமெல்லாம் பத்துக்கு மாறியபிறகும் கடிகாரம் மட்டும் மாறவில்லை.

ஆக, 50 நிமிடம் என்பது ஒரு மணி நேரத்தில் 50/60 பங்கு. சுருக்கினால் 5/6. தசமத்தில் 0.833. ரயிலின் நேரம் 5.833 மணி. இப்போது வகுத்துப் பாருங்கள். 84.86 வரும். கிட்டத்தட்ட மணிக்கு 85 கி.மீ.

தசமத்தைவிடப் பின்னம் நல்லது என்பது என் கட்சி. 5 மணி, கூட 5/6 மணி. மொத்தம் 35/6 மணி. 495-ஐ 35/6-ஆல் வகுப்பதும், 6-ஆல் பெருக்கி 35-ஆல் வகுப்பதும் ஒன்றுதான். எங்கேயும் 0.8333 என்று நீட்டிக்கொண்டே போக வேண்டாம், பாதியில் வெட்டவும் வேண்டாம். பின்னம் என்றாலே முகம் சுளிக்கிற பிள்ளைக்கு, அது வேலையைக் குறைக்கும் என்று காட்டித்தர இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

ஞாபகம் வைத்துக்கொள்ள ஒரே ஒரு விஷயம் போதும். 6 நிமிடம் என்றால் 0.1 மணி. இதைப் பிடித்துக்கொண்டால் 12 நிமிடம் 0.2, 18 நிமிடம் 0.3, 30 நிமிடம் 0.5, 42 நிமிடம் 0.7 என்று மனக்கணக்காகவே போய்விடலாம். கால் மணி, அரை மணி, முக்கால் மணியை நம் பேச்சுத் தமிழே பின்னமாக்கித் தந்துவிட்டது. 'முக்கால் மணி நேரம் ஆச்சு' என்று சொல்லும்போதே நாம் அலகு மாற்றிவிட்டோம்!

ஆபீஸுக்குப் போகும் வேகம்

சரி, ரயிலை விட்டு இறங்குவோம். ஒரு சாதாரண ஆபீஸ் பயணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு 800 மீட்டர் நடை, 10 நிமிடம். பிளாட்பாரத்தில் காத்திருப்பது 8 நிமிடம். மின்சார ரயிலில் 24 கி.மீ., 40 நிமிடம். இறங்கி ஷேர் ஆட்டோவில் 3.2 கி.மீ., டிராஃபிக் புண்ணியத்தில் 12 நிமிடம். சராசரி வேகம் என்ன?

இங்கே மீட்டரும் கிலோமீட்டரும் கலந்து கிடக்கின்றன. முதல் வேலை, எல்லாவற்றையும் ஒரே அலகுக்குக் கொண்டுவருவது. 800 மீட்டர் என்றால் 0.8 கி.மீ. கூட்டினால் 0.8 + 24 + 3.2 = 28 கி.மீ. நேரம் 10 + 8 + 40 + 12 = 70 நிமிடம். அதாவது 70/60 மணி, சுருக்கினால் 7/6 மணி. 28-ஐ 6-ஆல் பெருக்கி 7-ஆல் வகுத்தால் 24. ஆக, மணிக்கு 24 கி.மீ.

"பிளாட்பாரத்தில் சும்மா நின்றதை எதற்குச் சேர்க்கணும்? அப்போது நான் நகரவே இல்லையே" என்று பிள்ளை கேட்கும். நல்ல கேள்வி. சராசரி வேகம் என்பது மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகுப்பது. நின்ற நேரமும் பயண நேரம்தான். வந்தே பாரத் 160 கி.மீ. வரை ஓடும் திறனுள்ள ரயில். ஆனாலும் நடுவில் நின்று, வளைவுகளில் மெதுவாகி, எல்லாம் சேர்த்துத்தான் சராசரி 85-க்கு வருகிறது. கணக்கில் 'நிறுத்தங்கள் நீங்கலாக' என்று சொல்லியிருந்தால் மட்டும் நின்ற நேரத்தைக் கழிக்கணும். அந்த ரெண்டு வார்த்தையைக் கவனிக்காமல் விடுவது தனிக்கதை.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தகவல். 2023 சிகாகோ மாரத்தானில் கென்யாவின் கெல்வின் கிப்டம் 42.195 கி.மீ. தூரத்தை 2 மணி 0 நிமிடம் 35 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். 2 மணி நேரத்தைவிட 35 விநாடிதான் கூடுதல் என்பதால், தூரத்தைப் பாதியாக்கினாலே விடை தெரிந்துவிடும். கிட்டத்தட்ட மணிக்கு 21 கி.மீ. ரயில், ஆட்டோ எல்லாம் பிடித்துப் போகிற நம் பயணம், கால்களால் ஓடிய ஒரு மனிதரைவிட மணிக்கு 3 கி.மீ.தான் அதிகம்!

60-ல் போய் 40-ல் திரும்பினால்?

இப்போது இந்தப் பாடத்தின் பிரபலமான பொறி. ஓர் ஊருக்கு மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகிறோம். அதே வழியில் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் திரும்புகிறோம். மொத்தப் பயணத்தின் சராசரி வேகம்?

ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் இதைப் போட்டபோது வந்த முதல் பதில் 50. ரெண்டாவது பதில், 'இதெல்லாம் ஒரு கேள்வியா?'

விடை 48. நம்பிக்கை வரவில்லை என்றால் வசதியான ஒரு தூரத்தை வைத்துப் பாருங்கள். ஊர் 120 கி.மீ. தள்ளி இருக்கட்டும். போக 2 மணி நேரம், திரும்ப 3 மணி நேரம். மொத்தம் 240 கி.மீ., 5 மணி நேரம். வகுத்தால் 48. மெதுவாக வந்தபோது ரோட்டில் அதிக நேரம் இருந்தோம், இல்லையா? அதனால் 40-க்குத்தான் வெயிட் அதிகம். சராசரி அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது.

"கணக்கில் தூரமே கொடுக்கலையே, நீங்களா ஏன் 120 போட்டீங்க?" இதுவும் நியாயமான கேள்விதான். இயற்கணிதம் உள்ளே வருகிற வாசல் இது. தூரம் தெரியாதா, அதற்கு ஓர் எழுத்து வைத்துவிடலாம். புத்தகத்தில் எக்ஸ் இருக்கும், நாம் 'தூ' என்று வைப்போம். போக ஆன நேரம் தூ/60. திரும்ப ஆன நேரம் தூ/40. கூட்டணும் என்றால் பகுதி சமமாகணும். 2தூ/120 + 3தூ/120 = 5தூ/120. அதாவது தூ/24. மொத்தத் தூரம் 2தூ. இப்போது 2தூ-வை தூ/24-ஆல் வகுத்தால் மேலேயும் கீழேயும் இருக்கிற 'தூ' அடிபட்டு, 2 × 24 = 48 நிற்கும்.

அந்த 'தூ' அடிபட்டுப் போகிற நொடியைக் கொஞ்சம் நின்று காட்டுங்கள். ஊர் செங்கல்பட்டாக இருந்தாலும் சரி, கன்னியாகுமரியாக இருந்தாலும் சரி, விடை 48-தான் என்று அந்த ஒரு வரி சொல்லிவிடுகிறது. 120 போட்டுப் பார்த்தது ஓர் ஊருக்கான விடை. எழுத்து போட்டது எல்லா ஊருக்குமான விடை. 'எண்ணைக் கண்டுபிடிக்கச் சொல்லிவிட்டு எழுத்தை எதற்குக் கொண்டுவருகிறார்கள்?' என்று சலித்துக்கொள்கிற பிள்ளைக்கு இதுதான் பதில்.

சரி, 50 என்ற விடை எப்போதுமே தப்பா? இல்லை. ஒரு மணி நேரம் 60-லும், ஒரு மணி நேரம் 40-லும் ஓட்டினால் 100 கி.மீ., 2 மணி நேரம். சராசரி கச்சிதமாக 50. நேரம் சமம் என்றால் வேகங்களைக் கூட்டி ரெண்டால் வகுக்கலாம். தூரம் சமம் என்றால் கூடாது. கேள்வியைப் படிக்கும்போது 'எது சமம்?' என்று கேட்டுக்கொண்டால் பாதிப் பிரச்னை ஓவர்.

காலையில் ஜாகிங் போகிறவர்களுக்கு இதிலேயே இன்னொரு வழி கைவசம் இருக்கிறது. ஓட்டத்தைக் கணக்கிடும் ஆப்கள் 'பேஸ்' என்று ஒன்றைக் காட்டும். ஒரு கி.மீ. ஓட எத்தனை நிமிடம் ஆனது என்பதுதான் அது. வேகத்தைத் தலைகீழாக நிறுத்திய அளவு. மணிக்கு 60 கி.மீ. என்றால் ஒரு கி.மீட்டருக்கு 1 நிமிடம். மணிக்கு 40 என்றால் ஒன்றரை நிமிடம். தூரம் சமமாக இருப்பதால், இந்த ரெண்டையும் தாராளமாகக் கூட்டி ரெண்டால் வகுக்கலாம். 1.25 நிமிடம். ஒரு மணி நேரத்தில் எத்தனை 1.25 நிமிடம்? 60-ஐ 1.25-ஆல் வகுத்தால் அதே 48!

பேஸ் பார்க்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஆப்பில் 6:30 என்று இருந்தால் அது 6.30 நிமிடம் ஆகாது, ஆறரை நிமிடம். 60-ஐ 6.5-ஆல் வகுத்தால் மணிக்கு 9.2 கி.மீ. 6.30 என்று போட்டால் 9.5 வந்து, செய்யாத சாதனைக்குச் சந்தோஷப்பட வேண்டியிருக்கும்.

5/18-ஐ மனப்பாடம் செய்ய வேண்டாம்

மணிக்கு இத்தனை கி.மீ. என்பதை விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று மாற்ற, 5/18-ஆல் பெருக்கணும் என்று கைடுகளில் கட்டம் கட்டிப் போட்டிருப்பார்கள். பரீட்சை ஹாலில் 5/18-ஆ, 18/5-ஆ என்று குழம்பாத மாணவர் அபூர்வம். அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டால் மனப்பாடமே தேவையில்லை. 1 கி.மீ. என்றால் 1,000 மீட்டர். 1 மணி என்றால் 3,600 விநாடி. 1,000/3,600-ஐச் சுருக்கினால் 5/18. அவ்வளவுதான் ரகசியம்.

இயற்கணிதத்தில் மேலே ஒரு 'தூ', கீழே ஒரு 'தூ' இருந்தால் அடித்துவிடுகிறோம் அல்லவா? அலகுகளையும் அப்படியே நடத்துங்கள். ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் கி.மீ., மணி, நிமிடம் என்று எழுதிக்கொண்டே போய், மேலே கீழே ஒரே அலகு வந்தால் அடித்துவிடலாம். கடைசியில் மிஞ்சுவது 'மீட்டர்/விநாடி' என்றால் வழி சரி. 'மீட்டர் × விநாடி' என்று ஏதாவது விநோதமாக மிஞ்சினால், வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்கிவிட்டோம். விடையில் மட்டும் அலகு எழுதினால் போதும் என்று சொல்லித்தருவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒவ்வொரு வரியிலும் அலகு இருந்தால் கணக்கு தன்னைத்தானே திருத்திக்கொள்ளும்.

உசேன் போல்ட்டை வைத்துச் சோதித்துப் பார்க்கலாம். 2009 பெர்லினில் 100 மீட்டரை 9.58 விநாடியில் ஓடினார். வகுத்தால் விநாடிக்கு 10.44 மீட்டர். இதை மணிக்கு கி.மீ. ஆக்க 18/5-ஆல், அதாவது 3.6-ஆல் பெருக்கினால் 37.6. தவறிப்போய் 5/18-ஆல் பெருக்கியிருந்தால் 2.9 வரும். மணிக்கு 2.9 கி.மீ. என்பது கடற்கரையில் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டே நடக்கிற வேகம். உலகின் வேகமான மனிதருக்கு அது பொருந்துமா என்று ஒரு நொடி யோசித்தாலே தப்பு தெரிந்துவிடும். வந்த விடையை வாழ்க்கையோடு ஒப்பிட்டுப் பார்க்கிற இந்தப் பழக்கத்துக்குத் தனி மார்க் இல்லைதான். ஆனால், நிறைய மார்க்கைக் காப்பாற்றும்.

கிரிக்கெட் ரசிகர்களுக்கு: 2003 உலகக் கோப்பையில் ஷோயப் அக்தர் வீசிய 161.3 கி.மீ. பந்து ஏன் அவ்வளவு பேசப்பட்டது தெரியுமா? 1 மைல் என்பது 1.609 கி.மீ. மாற்றிப் பார்த்தால் மணிக்கு 100.2 மைல். நூறைத் தாண்டிவிட்டார்! இதில் ஒரு நுணுக்கமும் உண்டு. ஸ்பீடு கன் காட்டுவது பந்து கையை விட்டுக் கிளம்பும்போது இருக்கும் வேகத்தை. பிட்ச்சில் பட்டு, காற்றில் உரசி பேட்ஸ்மேனிடம் வரும்போது வேகம் குறைந்திருக்கும். வழி முழுக்கச் சராசரி எடுத்தால் அந்த எண் வராது.

லேட்டானால் பிடித்துவிட முடியுமா?

இந்தக் கணக்கு நோட்டுப் புத்தகத்தைத் தாண்டி ரோட்டுக்கு வருகிற இடம் இதுதான். 60 கி.மீ. தள்ளி ஒரு கல்யாணம். முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் இருக்கிறது. சராசரியாக மணிக்கு 60 போனால் போதும். ஆனால், டிராஃபிக்கில் மாட்டி முதல் 30 கி.மீட்டரை மணிக்கு 30 கி.மீ. வேகத்தில்தான் கடந்தோம். மீதி 30 கி.மீட்டரை எந்த வேகத்தில் போனால் மொத்தச் சராசரி 60 வரும்?

"90-ல் போனால் சரியாப்போச்சு" என்று தோன்றும். 30-க்கும் 90-க்கும் நடுவே 60 என்று மனம் கணக்குப் போடுகிறது. நேரத்தைப் பாருங்கள். முதல் 30 கி.மீட்டருக்கே ஒரு மணி நேரம் காலி. தாலி கட்டியாயிற்று! மீதித் தூரத்துக்கு மிச்சமிருப்பது பூஜ்ஜியம் நிமிடம். சமன்பாடாக எழுதினால் 30/வேகம் = 0 என்று வந்து நிற்கும். எந்த எண்ணைப் போட்டாலும் அது சரியாகாது. 90 இல்லை, 900-ல் போனாலும் முடியாது. உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர் 1930-களில் இதே மாதிரியான புதிர் ஒன்றை ஐன்ஸ்டீனுக்கு எழுதி அனுப்பினார். கணக்குப் போட்டுப் பார்க்கும்வரை அதில் மிச்ச நேரமே இல்லை என்பதைக் கவனிக்கவில்லை என்று ஐன்ஸ்டீனே பதில் எழுதினார். நாம் ஏமாந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஏமாறுகிற அந்த ஆள் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தால்தான் ஆபத்து. லேட்டாகிவிட்டது என்று 60-ல் போக வேண்டிய 10 கி.மீட்டரை 80-ல் விரட்டினால் எவ்வளவு மிச்சம்? 60-ல் 10 நிமிடம், 80-ல் 7.5 நிமிடம். ரெண்டரை நிமிஷம். புள்ளி ஐந்து என்றால் 30 விநாடி, 50 விநாடி இல்லை! அந்த ரெண்டரை நிமிஷத்தை அடுத்த ரெண்டு சிக்னல் வாங்கிக்கொள்ளும்.

விலை என்ன என்பதை மீட்டர்/விநாடி சொல்லும். 72-ஐ 5/18-ஆல் பெருக்கினால் 20. மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் போகிற வண்டி ஒவ்வொரு விநாடியும் 20 மீட்டர் நகர்கிறது. கிரிக்கெட் பிட்ச்சின் நீளம் கிட்டத்தட்ட அதேதான். 'யார் மெசேஜ்?' என்று மொபைலை 3 விநாடி குனிந்து பார்த்தால், மூன்று பிட்ச் நீளத்தைக் கண் தெரியாமல் கடந்திருக்கிறோம். மணிக்கு 72 என்று கேட்கும்போது வராத பயம், விநாடிக்கு 20 மீட்டர் என்று கேட்டால் வருகிறது. டிரைவிங் பழகுகிறவர்களுக்கு எட்டு போடக் கற்றுத்தரும்போது இந்த ஒரு கணக்கையும் சேர்த்துக் கற்றுத்தரலாம்.

இத்தாலி நெடுஞ்சாலைகளில் 2005 முதல் 'டூட்டர்' என்றொரு ஏற்பாடு இருக்கிறது. ஒரே இடத்தில் வேகத்தை அளக்கிற கேமராவைப் பார்த்ததும் பிரேக் அடித்து, தாண்டியதும் முறுக்குகிற வித்தை அதனிடம் பலிக்காது. வண்டி முதல் கேமராவைக் கடந்த நேரத்தையும், பல கி.மீ. தள்ளி இருக்கிற அடுத்த கேமராவைக் கடந்த நேரத்தையும் குறித்துக்கொண்டு, தூரத்தை நேரத்தால் வகுத்துவிடும். நம் ஏழாம் வகுப்புக் கணக்குதான், ஃபைனோடு!

அங்கே நெடுஞ்சாலை வரம்பு பொதுவாக மணிக்கு 130 கி.மீ. ரெண்டு கேமராக்களுக்கு நடுவே 13 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒரு கார் அதை 5 நிமிடம் 12 விநாடியில் கடக்கிறது. சராசரி வேகம் எவ்வளவு? உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். விடை மணிக்கு 150 கி.மீ. 152 என்று வந்தால், 12 விநாடியை .12 நிமிடம் என்று போட்டிருக்கிறார்கள். 60-ஆல் வகுக்கச் சொல்லுங்கள்.